துண்டுக்குள் எடுத்த முடிவு

இங்கே ஜப்பானில் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றி, அதன் முனையை வாசல் பக்கம் திருப்பி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லி இடுப்பு வரை குனிவார். குழந்தையின் இருமல் தேவலையா என்று விசாரிப்பார். சேலம் ஜில்லா மாரண்டஹள்ளியில் பிறந்த எனக்கு இது கடைசி வரைக்கும் பழகவில்லை. எங்கள் ஊரில் போலீஸ்காரர் தெருமுனையில் தலை காட்டினாலே கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். ஏசுவார், தடியால் தட்டுவார், போய்விடுவார். அவர் என்ன நினைக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. கோபே நகரத்தில் எங்கள் வட்டாரத்துக்கு வந்துகொண்டிருந்த ஓனோ என்பவர் தேநீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, புன்னகை மாறாமல் ஒரே கேள்வியைத்தான் வாராவாரம் கேட்பார். "உங்கள் கம்பெனி இருக்குமா, போய்விடுமா?"

நான் எதைச் சொன்னாலும் தப்பு. இருக்கும் என்றால் யாருக்காக இருக்கிறாய், என்ன வேவு பார்க்கிறாய் என்று அர்த்தமாகிவிடும். போகும் என்றால் எங்கள் நாட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று ஆகிவிடும். "முதலாளிகளைக் கேட்க வேண்டும்" என்று நான் சொல்வேன். அதையும் எழுதிக்கொள்வார். ஒரு தடவை எங்கள் சரக்கைப் பற்றிக் கேட்டார். கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதைதான் எங்கள் கம்பெனியின் சரக்கு. உங்கள் ஊரில் இந்த எண்ணெயை என்ன செய்வீர்கள் என்றார். பிள்ளைகளுக்கு வயிறு சுத்தமாகக் குடிக்கக் கொடுப்போம் என்றேன். அவர் பென்சிலை நிறுத்திவிட்டு என்னை வெகு இரக்கத்தோடு பார்த்தார். விமான எஞ்சினுக்குப் போடுகிற எண்ணெயைக் குடிக்கிற அளவுக்கு இந்தியாவில் பஞ்சம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அடுத்த வாரம் மாரிக்கு ஒரு பொட்டலம் அரிசி மிட்டாய் வாங்கிவந்தார். மாரி என் மகள். எங்கள் அம்மன் பெயர். இங்கும் பெண் குழந்தைகளுக்கு வைக்கிற பெயர்தான் என்பதால் என் மனைவி ஹருவுக்கும் சம்மதம்.

ஜப்பான் சீனாவோடு சண்டை தொடங்கியபோது எங்கள் வியாபாரம் கொழித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்குமுன் சோப்புக்காரர்களும் தோல் பதனிடுகிறவர்களும் வாங்கிக்கொண்டிருந்த சரக்கை, பிறகு யாரென்றே சொல்லாத ஆட்கள் வந்து கேட்ட விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். கடத்தூர் பக்கத்துக் கொல்லைகளில் வரப்போரம் தானாக நிற்கிற செடியின் விதை, யாங்சி நதிக்கு மேலே பறக்கிற விமானத்துக்குள் போகிறது என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் சாப்பிட்டேன். கோபேயில் இருந்த இந்தியக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் அப்போது இதே பேச்சுதான். ஒரு சிந்திக் கம்பெனி பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றிவிட்டு ஆண்களை மட்டும் நிறுத்திக்கொண்டது. ஒரு குஜராத்திக் கம்பெனி கடையைக் காலி செய்துவிட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவைத்தது, நிலைமை சரியானால் திரும்பி வர வசதியாக இருக்கட்டுமென்று. இன்னொருவர் இருக்கிற சரக்கு விற்றதும் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே புதிதாகச் சரக்கு வரவழைத்தார். போவதற்கும் நியாயம் இருந்தது, இருப்பதற்கும் நியாயம் இருந்தது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு ஒன்றரை வருஷம் ஆனபோது, முடிவெடுக்க வேண்டும் உடனே புறப்பட்டு வா என்று தர்மபுரியிலிருந்து தந்தி வந்தது. ஹருவையும் மாரியையும் விட்டுவிட்டுக் கிளம்பினேன். சென்னையில் இறங்கி, மொரப்பூரில் மாறி, தர்மபுரிக்குப் போகிற குட்டி ரயிலில் உட்கார்ந்தேன். அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து யுத்தத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பெட்டியில் பேசிக்கொண்டார்கள். வெளியே புளியமரங்களும் குத்துக்கற்களும் வெயிலில் கிடந்தன. என் ஊருக்கு வந்துவிட்டேன் என்று மனம் குதிக்க வேண்டும். குதிக்கவில்லை. கோபேயில் இந்நேரம் மாரி தூங்கியிருப்பாளா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் கம்பெனிக்கு மூன்று பங்காளிகள். எண்ணெய் ஆலை வைத்திருந்த ரங்கப்பா மூத்தவர். கடத்தூரிலும் மாரண்டஹள்ளியிலும் விதை கொள்முதல் பார்த்தவர் அவருடைய மைத்துனர் சென்னப்பன். மூன்றாவது நஞ்சம்மாக்கா. கோபேயில் கடை திறந்தவர் அவருடைய கணவர்தான். அவரோடுதான் நான் முதன்முதலில் கப்பலேறினேன். அவர் காலமான பிறகு பங்கு அக்காவிடம் வந்தது. அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து, அப்போது மலாயாவுக்கு அனுப்பப்பட்டிருந்தான்.

ஆலையின் பின்கட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். செக்குப் பிண்ணாக்கின் வாடை மூக்கில் ஏறியது. ரங்கப்பா இருக்க வேண்டும் என்று பேசினார்.

"சண்டை இன்னைக்கு வரும், நாளைக்குப் போவும். கடைய மூடிப்புட்டா அந்த எடம் நமக்குத் திரும்பக் கெடைக்குமா? நாம விக்கலீன்னா இன்னொருத்தன் விப்பான்."

சென்னப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார். "அதுக்காவ நாம விக்கறதா மாமா? நம்ம வூட்டுப் பையன் மலாயாவுல நிக்கறான். நாளைக்கு அந்த ஜப்பான்காரன் அங்க வந்தான்னா, அவந்தலைக்கு மேல பறக்கறதுக்கு நாம எண்ணெய் ஊத்துனதா ஆவுமே!"

நஞ்சம்மாக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாதையா, அங்க எப்பிடி இருக்குது?"

"போலீசு வாராவாரம் வர்றாருங்கக்கா. மரியாதையாத்தான் பேசறாரு. அதுதானுங்க பயமா இருக்குது."

எங்கள் பக்கத்துச் சந்தைகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுக்கும் மூட்டைக்கும் விலையை அங்கே வாய்விட்டுச் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் நடந்ததைப் பிறகு யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. எங்கள் கம்பெனியிலும் பெரிய முடிவுகள் அப்படித்தான். பங்காளிகள் உறவுக்காரர்கள் ஆயிற்றே, நீ அன்றைக்கு இப்படிச் சொன்னாய் என்று கல்யாண வீட்டில் சண்டை வந்துவிடக்கூடாது. பங்கில்லாத ஒருவர் துண்டுக்குள் மூன்று பேர் கையையும் வாங்கி, முடிவை மட்டும் சொல்வார். விரித்த கை என்றால் கடை இருக்கட்டும், மூடிய கை என்றால் மூடிவிடலாம்.

ரங்கப்பா தோளிலிருந்து துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எனக்கு வேண்டாமுங்க மொதலாளி. எம்பொண்டாட்டி புள்ள அங்க இருக்குதுங்க. வேற யாரையாச்சும் கூப்புடுங்க."

"வேற ஆரக் கூப்புடறது? தெருவுல போறவனையா?" என்றார் அவர்.

நஞ்சம்மாக்கா குறுக்கிட்டார். "நீயே வாங்கு மாதையா. இதுல வெட்டு உழுந்தா அது உம்மேலதான் உழுவும். அப்பறமா நாங்க சொல்லிக் கேக்கறதுக்கு, நீயே தொட்டுப் பாத்துக்கறது மேலு."

அது இரக்கமா, சோதனையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. துண்டை என் வலது கையில் போட்டுக்கொண்டேன். மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கையை உள்ளே விட்டார்கள். யார் கை எப்படி இருந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதில் ஒருவர் காலமாகிவிட்டார், அப்படியும் சொல்லமாட்டேன். வெளியே கத்தினதும் உள்ளே வந்ததும் ஒன்றாக இருக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முதல் கை ஒன்று, இரண்டாவது கை வேறு. மூன்றாவது கை உள்ளே வந்து வெகுநேரம் எந்த உருவமும் இல்லாமல் என் உள்ளங்கையில் சும்மா கிடந்தது. வியர்த்திருந்தது. விரிந்துவிடு, விரிந்துவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அது விரல் விரலாக மடங்கி இறுகியது.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். துண்டுக்குள் இப்போது என் கை மட்டும்தான் இருந்தது. இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் இருந்திருக்கும். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார்களே தவிர, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கைதான் என் கழுத்தைப் பிடித்தது. ஹருவின் முகமும் நினைவுக்கு வந்தது, மலாயாவில் நிற்கிற பையனின் முகமும் நினைவுக்கு வந்தது. அவனை நான் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போயிருக்கிறேன்.

"மூடறதுதானுங்க" என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பேடப்பா, அழாத" என்றார் நஞ்சம்மாக்கா. அவர்கள் வீட்டில் கன்னடம்தான், 'பேட' என்றால் வேண்டாம். மனம் இளகினால் அதுதான் முதலில் வரும்.

"அப்ப இவன் எதுக்குத் திரும்பப் போவணும்? தந்தி அடிச்சாப் போதும், அங்க இருக்கற ஆளுங்க மூடிருவாங்க" என்றார் சென்னப்பன்.

நஞ்சம்மாக்கா அவர் பக்கம் திரும்பினார். "கடைக்குத் தந்தி அடிப்ப. இவம்பொண்டாட்டிக்கு என்னன்னு அடிப்ப?"

நான் திரும்பிப் போய்க் கணக்கை முடித்து, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று பேச்சு முடிந்தது. மாரண்டஹள்ளியில் ஒரு வீடு பார்த்து வைப்பதாக ரங்கப்பா சொன்னார்.

கோபேக்குத் திரும்பிக் கடையை மூடினேன். அது சுலபமாக இருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றினால் சுவரில் அதன் அளவுக்கு வெளுப்பு, அவ்வளவுதான். கிடங்கில் மிஞ்சிய மூட்டைகளைத் திருப்பி அனுப்பக் கப்பலில் இடம் கேட்டு அலைந்தேன். ஓனோ ஒரு நாள் வந்தார், செருப்பைத் திருப்பி வைத்தார், குனிந்தார். சரக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது நாட்டுக்குப் பயன்படும் என்றார். மறுநாள் லாரிகள் வந்து அத்தனையையும் எடுத்துப் போயின. எது நடக்கக்கூடாதென்று கடையை மூட முடிவெடுத்தோமோ அது எங்கள் கண் முன்னாலேயே நடந்தது. நன்றி என்று ஓனோ சொன்னார். பரவாயில்லை என்று நானும் சொல்லித் தொலைத்தேன். இங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஹருவோடுதான் பேசி ஜெயிக்க முடியவில்லை. அவள் எங்கள் கடையில் தட்டச்சு செய்தவள். கணக்கில் புலி, பிடிவாதத்தில் அதைவிடப் புலி. அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், நான் எப்படி வருவது என்றாள். பிறகு மெதுவாக, "நாளைக்கு இரண்டு நாட்டுக்கும் சண்டை வந்தால் உங்கள் ஊரில் நான் யார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஜெர்மன்காரர்களை எங்கள் நாட்டில் முள்வேலிக்குள் அடைத்தாயிற்று. ஜப்பானியப் பெண்ணையும் மகளையும் மாரண்டஹள்ளி வீட்டில் விட்டுவைப்பார்களா? இங்கே இருந்தால் நான் அந்நியன். அங்கே போனால் அவள் அந்நியள். எங்கே போனாலும் மாரி பாதி அந்நியள். வாங்கி வைத்திருந்த டிக்கெட்டுகளை ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகவில்லை. போனால் நானும் ஏறிவிடுவேனோ என்று பயம். அந்த வருஷம் முடிவதற்குள் சண்டை வந்தது. மலாயா விழுந்தது. ஊரோடு கடிதப் போக்குவரத்து அறுந்துபோனது.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. நஞ்சம்மாக்காவின் மகன் சயாம் காட்டில் கைதியாக ரயில் பாதை போட்டு, எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினான் என்று கேள்விப்பட்டு அன்று முழுக்க அழுதேன். வெளிநாட்டு வியாபாரிகளை இங்கே மறுபடி அனுமதிக்கிறார்கள். கோபேயில் கடையைத் திறக்கலாமா, நிலவரம் எப்படி, நீதான் சொல்ல வேண்டும் என்று தர்மபுரியிலிருந்து கேட்கிறார்கள். கம்பெனிக்கு என்ன, போகும், வரும். சண்டை நடக்கிற நாட்டில் இருப்பதா போவதா என்று என்னைப் போலத் தவிக்கிறவர்கள் இன்னும் எத்தனையோ தேசங்களில் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி ஒன்றுமில்லை. ஒரு காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சண்டையின் கடைசி வருஷம். காலைக் கஞ்சி குடிக்கும்போது அபாயச் சங்கு ஊதியது. தெருவோரம் வெட்டிய குழிக்குள் நாங்களும் பக்கத்து வீட்டு மோரிக் கிழவரும் இறங்கினோம். தீப்பிடித்தால் அணைக்க ஹரு தண்ணீர் வாளியோடு குழி வாயில் இருந்தாள். மேலே விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. மோரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் விமானங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஊர்க்காரரைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். அமெரிக்காவுடையவை என்றேன். "உங்கள் பக்கம்தானே" என்றார்.

அவை ஜெயிக்க வேண்டும். அவை ஜெயித்தால்தான் நஞ்சம்மாக்காவின் பையன் எந்தச் சிறையில் இருந்தாலும் உயிரோடு வெளியே வருவான். அவை குறி தவற வேண்டும், இந்தத் தெருவில் மட்டுமாவது. இரண்டையும் ஒரே சாமியிடம்தான் கேட்டேன். மாரி என் மடியில் முகம் புதைத்து நடுங்கினாள். அவளுடைய இரண்டு காதுகளையும் என் இரண்டு உள்ளங்கையாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். என் காதைப் பொத்திக்கொள்ள எனக்குக் கை மிச்சமில்லை.