சட்டைப் பையில் கிடந்த கடிதம்

என் தங்கை ஐம்பது வருஷமாக எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், பேரப்பிள்ளைகள் எதிரில், "எங்கண்ணன் மட்டும் இல்லன்னா ஒரு குடிகாரன் கைல மாட்டிக்கினு சீரழிஞ்சிருப்பேன்" என்பாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

அறுபதுகளின் கடைசியில் நடந்தது. இராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் மேல்தளத்தில் நின்றுகொண்டு, கீழே கப்பலின் அடியறையிலிருந்து சரக்கு ஏறும்போது, அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுபவருக்குக் கைகாட்ட வேண்டும். தூக்கு, நிறுத்து, இறக்கு. கை ஒரு நொடி தப்பினால் கீழே நிற்கிறவன் செத்தான். ஆறு வருஷத்தில் ஒரு நாள் தப்பியதில்லை. அங்கே எனக்குக் கொக்கியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அதே ஆள் உதவாக்கரை. கெரசின் வாங்கப் போய் வெறும் டின்னோடு திரும்புவேன். ரேஷன் கார்டைக் கடையில் விட்டுவிட்டு வருவேன். அப்பாவின் இருமல் மருந்தை பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்குவேன். அப்பாவுக்கு அது புரியவே இல்லை. "கப்பல்ல மறக்க மாட்ட, வூட்டு வேலைன்னா மறப்ப. அதுக்குப் பேரு மறதி இல்லடா, திமிரு" என்பார். ஒருவேளை திமிர்தானோ என்று நானும் நினைத்திருக்கிறேன்.

தங்கைக்குத் திருவொற்றியூரில் மாப்பிள்ளை நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண்ணின் கோயிலிலும் மாப்பிள்ளையின் கோயிலிலும் பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. விபூதி புதன் வந்துவிட்டால் தபசு காலம். ஈஸ்டர்வரை கல்யாணம் கிடையாது. எண்ணிப் பார்த்தால் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம். மூன்றாவது ஓலை முடிந்த மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

எங்கள் பங்குச் சாமியார் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைச் சனிக்கிழமை திருவொற்றியூர் கோயிலில் சேர்த்தால்தான் அங்கே ஓலை படிப்பார்கள். அப்பாவுக்கு அன்று ஷிப்ட். "நான் போறேன்" என்று நானே வாங்கிக்கொண்டேன். தங்கை என் காக்கிச் சட்டைப் பையில் அதை வைத்து, பொத்தானைப் போட்டு, "நேரா போண்ணா" என்று சிரித்தாள்.

வழியில் காசிமேட்டுக் கரையில் ஒரு விசைப்படகின் எஞ்சின் நின்றுபோயிருந்தது. நாலு பேர் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்று இறங்கினேன். நான் கைவைத்து எஞ்சின் கிளம்பியபோது இருட்டிவிட்டது. அந்த நாலு பேரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். கை நிறைய கிரீஸோடு, பெரிய சாதனை பண்ணிய சந்தோஷத்தோடு நேராக வீட்டுக்குப் போனேன். கடிதம் என்று ஒன்று இருந்ததே என் நினைவில் இல்லை. மறந்துவிட்டோமோ என்ற உறுத்தல்கூட இல்லை.

மறுநாள் பூசையில் எங்கள் சாமியார் தங்கை பெயரை வாசித்தார். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு தலைகுனிந்தாள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நான் போட்டிருந்தது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. காக்கிச் சட்டை வீட்டில் ஆணியில் தொங்கியது. கடிதம் அதன் பையில்.

உடனே சொல்லியிருக்கலாம். சாப்பிட்டபின் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாவும் வந்துவிட்டார்கள். அவர்கள் கோயிலில் ஊரே காது கொடுத்திருந்த பூசையில் ஓலை படிக்கவில்லை என்று இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தது. ஆனாலும் அந்தச் சித்தப்பா நல்ல மனிதர். என்னைப் பார்த்து, "மறந்துட்டியா தம்பி? பரவால்ல, சொல்லிரு. சாமியாராண்ட பேசி ஆயர் கைல ஒரு ஓலைய வுட்டுட அனுமதி வாங்கிக்கலாம்" என்றார்.

வழி அங்கேயே இருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெரசின் டின், ரேஷன் கார்டு, இருமல் மருந்து எல்லாம் வரிசையாக நின்றன. இன்னொரு தடவை 'மறந்துட்டேன்' என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"மறக்கல. வேணும்னுதான் குடுக்கல. மாப்ள குடிக்கிறாருன்னு கேள்விப்பட்டேன்" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? இன்றுவரை எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று, "எம் புள்ள ஒரு சொட்டு தொட்டதில்ல" என்றார். கதவோரம் நின்ற தங்கை காதிலும் அது விழுந்தது. யார் சொன்னது என்று கேட்டார். துறைமுகத்தில் ஒருத்தர் என்றேன். பேச்சு தடித்தது, அப்பா என் பக்கம் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் தோளில் கைவைத்தார். அந்தக் கைக்காக நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் நின்றுபோனது. இரண்டு வருஷம் கழித்துத் தங்கையை வேறிடத்தில் கொடுத்தோம்.

போன வருஷம் என் மகள் ஒரு டாக்டரிடம் போய்வந்தாள். நாற்பது வயசு டீச்சர். அவளும் என்னைப் போலத்தான், சாவியைத் தேடியே பாதி வாழ்க்கை போயிற்று. ஏ.டி.எச்.டி., கவனம் நிலைக்காத கோளாறு என்றார்களாம். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, வளர்ந்தவர்களுக்கும் உண்டாம். டாக்டர் கொடுத்த கேள்வித்தாளை அவள் வாசிக்க வாசிக்க, எனக்குப் பூசையில் என் பெயரை வாசிப்பதுபோல இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆபத்தான, பரபரப்பான வேலையில் கவனம் ஊசிபோல நிற்கும், சாதாரண வேலையில் நழுவும், அது திமிர் இல்லை என்றார் டாக்டர். கொண்டுபோக வேண்டியதைச் செருப்புக்குள் வை, நினைத்ததை உடனே எழுது, கதவில் ஒட்டு என்று வழிகளும் சொன்னார். எழுதிக்கொண்டே, "இந்த மாதிரி ஆளுங்க மறந்ததை மறைக்கப் பொய் சொல்லுவாங்க. அதான் குடும்பத்தை அதிகமாக் கெடுக்கும்" என்றார். அவருக்கு அது பத்தோடு பதினொன்று. என்னால் உட்கார முடியவில்லை.

"தங்கச்சிகிட்ட சொல்லணும்" என்று ஒரு சீட்டில் எழுதிச் செருப்பில் வைத்தேன். நாலு மாசம் தினமும் அதை எடுத்துவிட்டுத்தான் செருப்பு போட்டேன். அதற்கு எந்த டாக்டரிடமும் பெயர் கிடையாது. கோழைத்தனம்.

கடைசியில் ஒரு மத்தியானம் போனேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், நோயின் பெயரை மூன்று தடவை சொன்னேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அப்ப அவுரு குடிக்க மாட்டாராண்ணா?"

"தெரியாதும்மா. அவரப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

நெத்திலித் தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் அந்தத் தட்டை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டாள். சாப்பிடும்போது பேத்தி, "ஆயா, அந்தக் குடிகாரன் கதையச் சொல்லு" என்றாள். தங்கை என் தட்டில் மீனை வைத்தாள்.

"அவுரு குடிகாரரு இல்ல. அவங்க நைனா அன்னிக்கே சொன்னாரு, நான்தான் நம்பல" என்றாள்.