விசிலுக்குக் காத்திருந்த டிரைவர்

வெளிநாட்டில் வந்து இறங்கி நாலே நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் டிரைவரை ஒரு நீளமான பேருந்தில் ஏற்றி ஓட்டச் சொல்லிவிட்டார்கள். ஸ்டியரிங் கூட மறுபக்கம் இருந்தது. பின் சீட்டில் ஒரு அதிகாரியம்மா, கையில் தாளும் பேனாவுமாக. மூன்று தப்பு விழுந்தால் ஊருக்கு டிக்கெட். தப்பித்தால் வேலை, மனைவியையும் அழைத்துக்கொள்ளலாம்.

ஊரா அது! எங்கே பார்த்தாலும் ஜனம், எங்கே பார்த்தாலும் வண்டி, ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. குறுக்கே வருகிறவன் முறைக்கக்கூட மாட்டேன் என்கிறான். திட்டுகிறவன் இல்லாத ரோட்டில் எவனை நம்பி வண்டி ஓட்டுவது? டிரைவருக்கு உள்ளங்கை வேர்த்து வழிந்தது.

முதல் நிறுத்தம். ஏறினார்கள், இறங்கினார்கள், கதவு தானே மூடிக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. டிரைவர் அசையவில்லை. பின்னால் யாரோ செருமினார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: அவர் விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

சிரிக்காதீர்கள். பதினோரு வருடம் அவர் வண்டிக்குக் கண்டக்டர் அவர் மனைவிதான். அவள் இரண்டு விசில் கொடுத்தால்தான் அவர் கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். "வீட்லயும் அவங்க விசில்தானாண்ணே?" என்று டிப்போவில் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. "ஆமாடா, உனக்கென்ன?" என்பார் இவர்.

அதிகாரியம்மா ஒரு கோடு போட்டாள்.

இரண்டாவது நிறுத்தத்தில் உஷாராகத்தான் இருந்தார். என்ன உஷார், மண்ணாங்கட்டி! கால் கேட்டால்தானே? இரண்டாவது கோடும் விழுந்தது. இன்னும் பதினேழு நிறுத்தம் பாக்கி. வழியனுப்ப வந்த இடத்தில், "சீக்கிரம் கூப்பிட்டுக்கோய்யா, புது டிரைவர்கிட்ட என்னால மல்லுக்கட்ட முடியாது" என்று மனைவி சொன்னபோது கண் கலங்கியதை அவர் பார்த்திருந்தார்.

மூன்றாவது நிறுத்தம். கதவு மூடியதும் டிரைவர் தொண்டையைத் திறந்தார்.

"போலாம் ரைட்!"

பஸ்ஸே திடுக்கிட்டது. செல்போனிலிருந்து அத்தனை தலையும் நிமிர்ந்தது. ஆனால் வண்டி நகர்ந்துவிட்டது. அதிகாரியம்மாவின் பேனா தாளுக்கு மேலே நின்று, என்ன எழுதுவதென்று தெரியாமல், கோடு போடாமலே விலகியது. கத்துவது தப்பு என்று அவர்கள் சட்டத்தில் இல்லை போலிருக்கிறது. மானம் போனால் போகட்டும் என்று பத்தொன்பதாவது நிறுத்தம் வரை தனக்குத்தானே ரைட் கொடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அலுவலகத்தில் அதிகாரியம்மா முத்திரை குத்தினாள். வேலை கிடைத்துவிட்டது! டிரைவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அடுத்து மனைவிக்கான விண்ணப்பம். அதிகாரியம்மா கேட்கக் கேட்க, இவர் அரைகுறை பாஷையில் சொல்ல, அவளே எழுதிக்கொண்டு வந்தாள். மனைவிக்கு என்ன வேலை?

"கண்டக்டர்."

அவளுக்குப் புரியவில்லை. டிக்கெட் கிழிப்பதுபோல் காட்டினார், விசில் ஊதுவதுபோல் காட்டினார். ஓ, அதுவா என்று சிரித்தாள். அந்த வேலையெல்லாம் இங்கே எப்போதோ ஒழிந்துவிட்டது, பட்டியலிலேயே இல்லை என்றாள். 'வேலை இல்லாதவர்' என்று எழுதித் தாளை இவர் பக்கம் தள்ளினாள், கையெழுத்துக்கு.

டிரைவர் அந்த வரியையே பார்த்தார். காலையிலிருந்து பயந்து செத்த மனுஷனுக்கு இப்போது எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். பேனாவை எடுத்து, அதை ஒரே கோடாக அடித்து, மேலே தமிழிலேயே 'கண்டக்டர்' என்று எழுதினார்.

அதிகாரியம்மாவின் முகம் இறுகியது. அடித்துத் திருத்திய தாள் செல்லாது என்றாள். பட்டியலில் இல்லாத வேலை என்றால் மேலிடத்தில் கேட்க வேண்டும்; புதுத்தாளில் எழுதி, அடுத்த மாதம்தான் கொடுக்க முடியும். அதற்குப் பதில், அவள் எழுதியபடியே இன்னொரு பிரதி எடுத்து இன்றைக்கே முடித்துக்கொள்ளலாமே?

"அடுத்த மாசமே குடுக்கறேன்மா," என்றார் டிரைவர், தமிழில். புதுத்தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.