மூன்று ஊருக்கு டிக்கெட் போட்டவர்

என் வீட்டுக்காரர் ஆர்வில், அமெரிக்காவில் எங்கள் டுலூத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கட்டிடத்தைச் சூடாக்கும் பாய்லரை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டவர். எந்தக் குழாய் கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். 2017 முழு சூரிய கிரகணத்துக்கு நெப்ராஸ்கா வரை காரோட்டிப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்தது 2024 ஏப்ரல். அதை விட்டால் எங்கள் பக்கம் இருபது வருஷம் கழித்துத்தான். அப்போது அவருக்குத் தொண்ணூற்றொன்று.

எந்த ஊரில் மேகம் இருக்காது என்று முன்கூட்டித் தெரியாதே. அதனால் கிரகணம் பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று ஊருக்கு டிக்கெட் போட்டு வைத்து, கடைசியில் ஒன்றை வைத்துக்கொள்வார்கள். இவரும் டாலஸ், இண்டியானாபொலிஸ், பர்லிங்டன் மூன்றுக்கும் ஒரே விமானக் கம்பெனியில், ஒரே நாளுக்குப் போட்டார். எனக்கும் அதே மூன்று ஊருக்கு வேறொரு நாள் உட்கார்ந்து, வரிசையைத் தலைகீழாக்கி, பர்லிங்டனை முதலில் போட்டிருக்கிறார்.

ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று ஊருக்கு எப்படிப் பறப்பார்? ஒவ்வொருவருக்கும் முதலில் போட்டதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கம்பெனியே கேன்சல் செய்துவிட்டது. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போதுதான் பார்த்தார். அவருக்கு டாலஸ், எனக்கு பர்லிங்டன். டாலஸில் மேகமாம். பர்லிங்டன் பளிச்சாம், ஆனால் விமானத்தில் இடமில்லை.

"லோர்னா, எனக்கு ஒண்ணும் புரியல. நான் எங்க போறேன்?"

"அதைத்தான்யா நானும் கேக்குறேன். போனைக் குடு."

விமானக் கம்பெனிப் பெண் ஸ்பீக்கரில் சொன்னாள்: "பேரை மாத்த முடியாதுங்க."

"மாத்த வேணாம்மா. என் டிக்கெட்ட கேன்சல் பண்ணு. அந்த சீட்ல இவரை ஏத்து."

"அதுக்கு முதல்ல சாரோட டாலஸ் டிக்கெட்டையும் கேன்சல் பண்ணணும். நடுவுல வேற யாராவது அந்த சீட்டைப் புடிச்சா, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இருக்காது."

ஆர்வில் குறுக்கே புகுந்தார். "டாலஸ்ல மேகம் விலகினாலும் விலகும்... இல்ல லோர்னா, பர்லிங்டன்... ஐயோ, தெரியலையே."

"அவர் இப்படியேதான் சொல்லிட்டிருப்பார். நீ ரெண்டையும் கேன்சல் பண்ணும்மா," என்றேன்.

போனில் விசைப்பலகைச் சத்தம்.

"கிடைச்சிருச்சுங்க."

கிரகணத்தன்று, திங்கட்கிழமை, நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பர்லிங்டனிலிருந்து அவர் போன். பின்னால் ஒரே கூச்சல்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"யோவ், அழறியா?"

"தெரியல லோர்னா," என்றார். "கொஞ்ச நேரம் அப்படியே லைன்ல இரு."

இருந்தேன்.