காப்புக் கட்டிய வாரத்து மாத்திரை

நாகலெட்சுமி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய கோபம்தான். கடலாடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் அவர் கிராம நர்ஸ். நான் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவன். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். பாதி நாள் என்னைத் திட்டினார், மீதி நாள் லீவில் இருந்தார்.

பூமிநாதன் மிளகாய்ப் பயிர் போடுகிறவர். காதில் யாரோ பேசுகிறார்கள் என்று ஊர் ஊராக அலைந்தவரை நாகலெட்சுமிதான் கூட்டிவந்து, மாதம் ஒருமுறை வரும் மனநல டாக்டரிடம் காட்டினார். மாத்திரையில் ஆள் தேறி, இரண்டு வருஷம் ஒழுங்காகத் தோட்டம் பார்த்தார். 2003 பங்குனியில் மருந்து வாங்கும் தேதிக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து, சாயல்குடி ரோட்டில் சட்டையில்லாமல் நடந்துகொண்டிருந்தவரை அண்ணன்மார் கையைக் கட்டிக் கூட்டிவந்தார்கள்.

அவருடைய மருந்து அட்டையில் நான் ‘ஒத்துழைக்காதவர்’ என்று எழுதினேன். வராதவர்களுக்கெல்லாம் எழுதுகிற சொல்தான். அண்ணன்மாருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“பாத்தீங்களா, ஆஸ்பத்திரியிலயே எழுதிட்டாங்க. எங்கனயாச்சும் கொண்டுபோயி விட்டுட்டு வந்துர்றோம் நர்சம்மா” என்றார் மூத்தவர்.

நாகலெட்சுமி அவரை விட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த தாய் சோணையம்மாளிடம் திரும்பினார். “ஏன்க்கா மாத்திரைக்கு வரல?”

“காப்புக் கட்டியாச்சுல்ல தாயி. அவன் பால்குடம் எடுக்குறேன்னு கையில கட்டிட்டான். நான் முளைப்பாரி போட்டிருந்தேன். எல்லை தாண்டி எப்படி வாரது?”

காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நாகலெட்சுமியே அந்த வாரம் லீவு. அவர் ஊரிலும் காப்பு. அவர் கையிலும் மஞ்சள் கயிறு. அந்தத் தேதியைக் குறித்துக் கொடுத்ததும் அவர்தான்.

அட்டையை எடுத்து, தான் போட்ட தேதியைப் பார்த்தார். பிறகு மூத்தவரிடம் சொன்னார்: “தப்பு என்னோடது. காலண்டரப் பாத்தேன், ஊரப் பாக்கல. ஒரு மாசம் பொறுங்க. வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்குறேன். அதுக்கப்புறமும் தேறலன்னா உங்க இஷ்டம்.”

தினமும் சைக்கிளில் போனார். பஞ்சரானால் அதற்கும் என்னைத்தான் திட்டினார். ஐந்தாவது வாரம் பூமிநாதன் வற்றல் மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றினார். அண்ணன்மார் அந்தப் பேச்சை விட்டார்கள். அன்று நாகலெட்சுமி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, “உங்க ஊர்ல காப்பு எப்ப?” எங்களிடம் மாத்திரை வாங்கும் மஜீதா வந்தால் ரம்ஜான் நோன்பு எப்போது என்று கேட்பார். அதற்கேற்பக் கூடுதல் நாட்களுக்கு மாத்திரை கொடுக்கச் சொல்வார்.

2008இல் மதுரையில் ஒரு கூட்டம். மனநல டாக்டர் இல்லாத ஏழை நாடுகளில் மனச்சிதைவுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று வழிகாட்டிப் புத்தகம் தயாரித்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வரைவில் ‘ஒத்துழைக்காத நோயாளிகள்’ என்று தனிப் பகுதியே இருந்தது. நாகலெட்சுமி எழுந்து பூமிநாதன் கதையைச் சொன்னார்.

“இது ஆப்பிரிக்காவுக்கும் போகிற புத்தகம்மா. அங்கே காப்பு கிடையாதே?” என்று கேட்டார் ஒரு பெரிய டாக்டர்.

“அங்கன வேற ஏதாச்சும் இருக்கும் சார். கேட்டுட்டுத் தேதி போடச் சொல்லுங்க.”

மறுவருஷம் புத்தகம் வந்தது. ‘அடுத்த தேதியைக் குறிக்கும் முன், அன்று வர முடியுமா என்று வீட்டாரைக் கேட்கவும்’ என்று ஒரு வரி. நாகலெட்சுமியின் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவரோ சோணையம்மாளுக்கு அதை வாசித்துக் காட்டினார்.

“இதுக்கா தாயி புஸ்தகம் போட்டாக?”

நாகலெட்சுமி விழுந்து விழுந்து சிரித்தார்.

“அடுத்த செவ்வா காப்பு சார், அதான் முன்னாடியே வந்துட்டேன்” என்றார், அதற்கடுத்த பங்குனியில் மாத்திரை வாங்க வந்த பூமிநாதன். புது அட்டை போடுவதற்காக அவருடைய பழைய அட்டைகளைத் தேடி எடுத்தேன். 2003 அட்டையில் நான் எழுதிய சொல் அடிக்கப்பட்டிருந்தது. கீழே நாகலெட்சுமியின் கையெழுத்து: ‘தேதியைத் தப்பாகப் போட்டவள் நான்.’

எனக்கு வெட்கமாகிவிட்டது. மதுரையில் அத்தனை டாக்டர்கள் முன்னால் கதை சொன்னபோதும், அந்தச் சொல்லை எழுதியவன் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறான் என்று அவர் சொல்லவில்லை.