மூதூர் லோஞ்சின் சீனடி அண்ணாவியார்

திருகோணமலை ஜெட்டியிலிருந்து மூதூருக்குப் போய்வருகிற லோஞ்சில், அதாவது மோட்டார் படகில், தாஹிர் என்று ஒருவர் வேலை செய்தார். கயிறு கட்டுவது, கயிறு அவிழ்ப்பது, ஆட்களைக் கைபிடித்து ஏற்றுவது, கைபிடித்து இறக்குவது, இவ்வளவுதான் அவருடைய வேலை. ஆனாலும் அவரை ஒருவரும் லோஞ்ச்காரர் என்று சொல்வதில்லை. வித்தை தெரிந்த ஆசான் என்ற பொருளில் அண்ணாவியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குச் சீனடி தெரியும்.

சீனடி என்பது கம்பும் கத்தியும் இல்லாமல் வெறுங்கையாலும் காலாலும் செய்கிற அடிமுறை. ஒரு காலத்தில் கப்பலில் வந்த சீனர்கள் விட்டுப்போனது என்று மூதூர் ஆட்கள் சொல்வார்கள். எந்தக் கப்பல், எந்தச் சீனர் என்று கேட்டால், "உனக்கென்ன, அவனுக்குப் பொம்பிள குடுக்கப் போறியா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் தாஹிர் முன்னுக்கு நின்று விளையாடுவதைப் பார்க்கவேண்டும். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி, குனிந்து, சுழன்று, எதிரில் நிற்பவருடைய மூக்குக்கு நேரே கைமுட்டியைக் கொண்டுபோய் ஒரு நூல் இடைவெளியில் நிறுத்துவார். மூக்கில் பட்டால் பாடம் பிழை. தொடாமல் நிறுத்துவதுதான் வித்தை என்று அவருக்குப் படிப்பித்தவர் சொல்லியிருந்தார். அல்லாஹ் அந்த மனிதருடைய கப்றுக் குழியை விசாலமாக்குவானாக.

இந்த வித்தையால் லோஞ்சுக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. பெருநாள் கிட்டினால் அளவுக்கு மேல் ஆட்கள் ஏறிவிடுவார்கள். மாரி காலத்தில், இடையில் கிடக்கிற கொட்டியாரக் குடா நல்ல பிள்ளை இல்லை. சுக்கான் பிடிக்கிற ஸெய்னுதீன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவரும் அசையமாட்டார்கள். தாஹிர் ஒரு காலை முன்னுக்கு வைத்து, இரண்டு கைகளையும் மெதுவாக நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, "கடைசியா ஏறின ஆக்கள் இறங்குங்க, என்ட வாப்பாமாரே" என்பார். குரல் பால் போல இருக்கும். ஆனால் கையைப் பார்த்தவர்கள் இறங்கிவிடுவார்கள். அவர் நாலு பேரை ஒரேயடியாகச் சாய்த்தவர் என்று ஒரு கதை உலாவியது. யார் அந்த நாலு பேர் என்று தாஹிருக்கும் தெரியாது. ஆட்கள் இறங்குகிறார்களே என்று அவர் அதை மறுக்கவில்லை. தொழுது முடிந்ததும் அதற்காக மட்டும் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் குலசிங்கம் வந்தார். துறைமுக வேர்க்‌ஷொப்பில் இரும்பு வேலை செய்கிறவர். வெள்ளைக்காரன் போவதற்கு முந்தியே நேவிக்காரர்களோடு கயிற்று மேடையில் ஏறிக் குத்துச்சண்டை பழகியவர். அவருடைய முகம் ஒரு பக்கம் பார்க்கும், மூக்கு இன்னொரு பக்கம் பார்க்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மனைவி புஷ்பவதிக்கு மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான் சொந்த ஊர் என்றபடியால் அடிக்கடி லோஞ்சில் வருவார்கள்.

ஒருநாள் லோஞ்ச் நிரம்பி வழிந்தது. தாஹிர் கையை உயர்த்தினார். குலசிங்கம் பலமாகச் சிரித்து, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் நானா என்று கூப்பிட்டார்.

"நானா, இது கலியாண வீட்டு ஆட்டமெல்லோ! ஆட்டத்துக்கு ஆரும் பயந்து இறங்குவினமோ?"

"ஆட்டமில்ல தம்பி, சீனடி."

"அடி எண்டா விழவேணும். உங்கட அடி எப்பவாவது ஆரிலயும் விழுந்திருக்கோ? மூக்குக்குக் கிட்ட வந்து சலாம் சொல்லிப்போட்டுத் திரும்பிப் போகுது."

லோஞ்ச் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு ஒருவரும் இறங்கவில்லை. நடுக்குடாவில் தண்ணீர் ஓரப்பலகைக்கு மேலால் வந்து கோழிக்கூடைகளை நனைத்தது. தாஹிர் யாசீன் ஓதிக்கொண்டே வந்தார். மூதூரில் எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஸெய்னுதீனின் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாவியார், உங்கட கைக்கு இனி ஒரு ஆளும் இறங்கமாட்டாங்க. ஒருநாளைக்கு இது கவிழும். அந்த மனிசனோட மேடையில ஏறுங்க. வெல்லத் தேவையில்ல. ஒருக்கா விழுத்திக் காட்டுங்க, காணும்."

தாஹிர் கடலைப் பார்த்தார். பிறகு ஓம் என்று ஒத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி அசனா சமையலை விட்டுவிட்டு எழும்பி வந்தார். "இஞ்சருங்க, அவருக்கு மூக்கு எப்பவோ போயிட்டு. உங்களுக்கு நல்ல மூக்கு. என்னத்துக்கு இந்த வேல?" என்று அழுதார். அழுது முடித்து, சண்டைக்குப் போடக் கால்சட்டை ஒன்று தைத்தார். முழங்கால் வெளியே தெரியக்கூடாது என்று கீழே இரண்டு அங்குலம் கூட்டித் தைத்தார்.

துறைமுகத் தொழிலாளர் விளையாட்டுப் போட்டியின் கடைசி நிகழ்ச்சியாகச் சண்டையை வைத்தார்கள். நடுவர் இரத்தினசிங்கம் மாஸ்டர். குலசிங்கம் தோல் கையுறை போட்டிருந்தார். தாஹிர் தனக்கு விரல் வேண்டும் என்று சொல்லி, முட்டியில் துணி மட்டும் சுற்றிக்கொண்டு மேடையேறினார். ஏறினவர் எதிரிக்குக் கை கொடுத்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார். மாஸ்டர் மணியை அடித்து அதை நிறுத்தவேண்டியிருந்தது.

முதல் சுற்றில் தாஹிர் அழகாக விளையாடினார். குலசிங்கத்தின் காது, கன்னம், மூக்கு எல்லாவற்றுக்கும் நேரே முட்டி போனது. எல்லா இடத்திலும் ஒரு நூல் இடைவெளியில் நின்றது. குலசிங்கம் முதலில் பயந்து பின்வாங்கினார். பிறகு விஷயம் விளங்கியது. "இன்னும் கொஞ்சம் கிட்ட, நானா" என்று சொல்லிக்கொண்டே ஒன்று விட்டார். தாஹிருக்குப் பட்டப்பகலில் பிறை தெரிந்தது.

இடைவேளையில் ஸெய்னுதீன் முகத்தில் தண்ணீர் ஊற்றினார். "முட்டிய நிப்பாட்டாதீங்க!"

"நிப்பாட்டாட்டிப் பட்டுருமே, ஸெய்னுதீன்."

"படத்தானே வேணும்!"

"பாவம், அவர்ட பொம்பிள முன்னுக்கு இருந்து பார்க்குது."

இரண்டாம் சுற்றில் குலசிங்கம் மாடு போல ஓடிவந்தார். தாஹிரின் முட்டி வழக்கம்போல நூல் இடைவெளியில் நின்றது. குலசிங்கம்தான் நிற்கவில்லை. வந்த வேகத்தில் மூக்கைக் கொண்டுவந்து முட்டியிலே மோதினார். கண் மேலே போனது, முழங்கால் மடிந்தது. சனம் எழும்பி நின்றது. ஸெய்னுதீன் இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

அந்த நேரத்தில்தான் தாஹிரின் கை தன் பாட்டில் போனது. லோஞ்சுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் தடுமாறுகிற ஆட்களைப் பிடித்துப் பிடித்தே வயது போன கை அது. பாய்ந்து குலசிங்கத்தின் புயத்தை இறுக்கிப் பிடித்து, அவரைத் தூக்கி நிறுத்தியது.

"பார்த்து, பார்த்து! காலை ஊண்டி வைங்க தம்பி" என்றார் தாஹிர்.

"பிடிக்கப்படாது! விடும்!" என்று மாஸ்டர் கத்தினார்.

"விழப்போறாரு, மாஸ்டர்!"

"விழத்தானே ஐயா வேணும்!"

"மண்டை பலகையில அடிபடுமே!"

மைதானம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்றாம் சுற்றிலும் அப்படியேதான். குலசிங்கம் ஓடிவருவார், நிறுத்திய முட்டியில் வந்து மோதுவார், சாய்வார், தாஹிர் பிடிப்பார், மாஸ்டர் கத்துவார். கடைசியில் பிடித்த குற்றத்துக்காகத் தாஹிர் தோற்றார் என்று தீர்ப்பாயிற்று. மாஸ்டர் குலசிங்கத்தின் வலது கையை உயர்த்திப் பிடித்தார். தனியாக நிற்க ஏலாததால் இடது பக்கத்தில் தாஹிர் தாங்கிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அசனா விளக்கைக் கொண்டுவந்து அவருடைய மூக்கைப் பார்த்தார். "இருக்கு" என்றார். தாஹிருக்கு நினைப்பெல்லாம் லோஞ்சில் இருந்தது. ஒரே ஒருக்கா விழ விட்டிருந்தால் போதும். விட ஏலாமல் போய்விட்டதே. இனி யார் இறங்கப்போகிறார்கள்?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் ஜெட்டியில் கால் வைக்க இடமில்லை. லோஞ்ச் ஒரு பக்கம் சரிந்துபோய் நின்றது. முன்வரிசையில் குலசிங்கமும் புஷ்பவதியும் இருந்தார்கள், நடுவில் ஒரு பலாப்பழமும் இருந்தது. தாஹிர் பழக்கத்தில் கையை உயர்த்தினார். பிறகு வெட்கப்பட்டுக் கீழே போட்டார்.

"கடைசியா ஏறின ஆக்கள் இறங்குங்க. அல்லாஹ்வுக்காக."

"இறங்காட்டி என்ன செய்வீங்க? கட்டிப்பிடிப்பீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு வெற்றிலை வியாபாரி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. தாஹிர் தண்ணீரைப் பார்த்தார். அது பலகைக்கு ஒரு சாண் கீழே நின்றது.

குலசிங்கம் எழும்பினார். சிரிப்பு நின்றது. அவர் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினார். புயத்தில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

"எல்லாரும் பாருங்கோ. இது அடியில்ல, பிடி. நான் எத்தினை பேரிட்ட அடிவாங்கினனான்! விழுந்தாக் கொஞ்ச நேரம் சுகமாப் படுத்திருக்கலாம். இந்த மனிசன் விழ விடேல்ல. தூக்கித் தூக்கி நிப்பாட்டியெல்லோ கடைசிவரைக்கும் அடி வாங்க வச்சவர்! இப்ப ராவில இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கேலாது. அவர் பிடிச்சு இறக்கவேணும் எண்டு ஆருக்கும் ஆசையிருந்தா, இருங்கோ."

வெற்றிலை வியாபாரி வந்து அந்த நீலத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "ஐயோ!" என்று குலசிங்கம் துள்ளினார். வியாபாரி மறுபேச்சில்லாமல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். லோஞ்ச் மெல்ல நிமிர்ந்தது.

"இன்னும் ஒரு ஆள் இறங்கினா நல்லது" என்றார் ஸெய்னுதீன் சுக்கானடியிலிருந்து.

எழும்பி நின்றது குலசிங்கம் ஒருவர்தான். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வேறு வழியில்லாமல் ஜெட்டிக்குத் தாவினார். "வாரும் புஷ்பம், அடுத்ததில போவம்."

"நான் ஏன் வரவேணும்?" என்றார் புஷ்பவதி. "விடியவே வந்து ஏறினனாங்கள். சண்டையில வெண்ட மனிசன் நீங்கள்தானே, நீங்கள் ஆறுதலா வாங்கோ."

"அப்ப பலாப்பழம்?"

"அது என்னோட வருது."

தாஹிர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார்.