மூதூருக்குக் கொண்டுபோன ஐந்து முகங்கள்

யுத்த நிறுத்தம் இருந்த காலம் அது. குணமாகாத நோயுள்ள குழந்தைகளின் வலியைத் தணித்துப் பராமரிப்பது பற்றி மூதூர்த் தாதியருக்கு இரண்டு நாள் வகுப்பெடுக்கப் போனேன். அதே வேலைக்கு இப்போது போகிற இளம் மருத்துவர்கள் விவரம் கேட்பதால் எழுதுகிறேன்.

திருகோணமலை இறங்குதுறையில் காலை ஏழரைக்குப் படகு, கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. காற்றடித்தால் வயிற்றுக்கு உத்தரவாதமில்லை. ஏறுமுன் என் பையைச் சோதித்த ஆமிக்காரர் ஐந்து அட்டைகளை வெளியே எடுத்தார். வலி எவ்வளவு என்று பிள்ளைகள் தொட்டுக் காட்டுவதற்கான முகங்கள் அவை. சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும். அவர் அழுகிற முகத்தைத் தொட்டு, "இது நான். வீட்டுக்குப் போய் ஆறு மாசம்," என்றார். ஒளிக்கத் தெரியாத மனுஷன்.

இரண்டாம் நாள் மதியம், வகுப்புக்கு வந்திருந்த மருத்துவிச்சி றஹீமா ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனா. வைத்தியசாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு அறுபது ரூபாய். ஏழு வயது சப்னாவுக்குக் காலெலும்பில் புற்றுநோய். முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். வலிக்குக் கொடுத்துவரும் மோர்பின் பாணிமருந்து போதுமா என்று நான் தீர்மானிக்க வேண்டும். தவறினால் அடுத்த வகுப்புக்கு நான் திரும்பி வரும்வரை ஒரு மாதம் அந்தப் பிள்ளை வலியோடு கிடக்கும்.

அட்டைகளை நீட்டினேன். பக்கத்திலிருந்த தாயைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

"நோவு இல்லெண்டுதான் எப்பவும் சொல்றா," என்றா தாய், தானும் சிரித்தபடி. கடைசிப் படகு இரண்டரைக்கு. 'போதும்' என்று எழுதப் பேனையைத் திறந்தேன்.

"எழுதாதீங்க டொக்டர், கொஞ்சம் பொறுங்க," என்ற றஹீமா, தேத்தண்ணி கேட்டுத் தாயைக் குசினிக்கு அனுப்பினா. பிறகு குனிந்து, "மகள், உம்மா நித்திரையான பிறகு எந்த முகம்?" என்றா.

சப்னா அழுகிற முகத்தைத் தொட்டாள். "உம்மாக்கிட்டச் சொல்லாதீங்க. அழுவா."

"நான் சொல்லமாட்டன். உம்மாட முகத்தையும் கேட்டுப் பாப்பம்."

தாய் வந்ததும் றஹீமா அட்டைகளை அவவின் மடியில் வைத்து, "உங்கட முகம் எது?" என்றா. தாய் கடைசியிலிருந்த அழுகிற முகத்தில் விரலை வைத்தா. சப்னா கையை நீட்டி, அதே அட்டையில், தாயின் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலையும் வைத்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாடம் நடத்த வந்தவள் நான். பாடம் எனக்குத்தான் நடந்தது.

மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். முக்கால் மணித்தியாலம் கழித்து, சப்னா மடக்கிய காலை மெல்ல நீட்டி, தாயின் மடியில் உறங்கிப்போனாள். படகு போய்விட்டிருந்தது. அன்று றஹீமா வீட்டில் தங்கினேன்.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன, தரைவழியாகவே போகலாம். ஆனாலும் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்க்கப் போகாதீர்கள். முக அட்டைகளில் இரண்டு கட்டு கொண்டுபோங்கள். ஒன்று பிள்ளைக்கு, மற்றது தாய்க்கு.