இடது தோளில் இருந்த குண்டூசிகள்

இதைக் கேட்டுட்டு சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லை. ஆனா இது நடந்தது. அமெரிக்காவுல, நெப்ராஸ்கால, எங்க ஊர்ல, எங்க சர்ச்சுக்கு மூணாவது தெருவுல நடந்தது. நடந்தது லவோனுக்கு. அவ பொய் சொல்லத் தெரியாதவ. தான் சுட்ட கேக் நல்லா இல்லைன்னா, நாம வாயில வைக்கிறதுக்கு முன்னாடி அவளே சொல்லிடுவா. கடைசியில இதுல நானும் மாட்டிக்கிட்டேன். அதையும் மறைக்காம சொல்றேன்.

லவோனுக்கு அறுபத்தெட்டு வயசு. புருஷன் ஹார்லன் போனதும் பண்ணையை வித்துட்டு எங்க ஊருக்குக் குடிவந்தா. அவங்களுக்குப் பிறந்தது ஒரே பையன், ராய்னு பேரு. ரெண்டு வயசு முடியறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டான். நாற்பது வருஷக் கதை அது. அவ அழுது நான் பார்த்ததில்லை. ஒரு வியாழக்கிழமை, சர்ச் நிலவறையில எல்லாரும் துணியை இழுத்துக் கட்டின மரச்சட்டத்தைச் சுத்தி உக்காந்து, துண்டுத் துணியை ஒட்டிப் போர்வை தைச்சுக்கிட்டிருந்தோம். ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காம அவ சொன்னா:

"ராயைப் பார்த்தவங்கன்னு நானும் ஹார்லனும்தான் மிச்சம் இருந்தோம். இப்ப நான் ஒருத்திதான். நானும் போயிட்டா, அவன்னு ஒருத்தன் பிறக்கவே இல்லைன்னு ஆயிடும்டீ."

அன்னைக்கு எல்லாரும் சீக்கிரமே வீட்டுக்குப் போயிட்டோம்.

அந்த வருஷம் இலை கொட்டற காலத்துல அல்வீனா செத்துப்போனா. ஊருக்கே உடுப்பு தைச்சவ. எண்பத்து மூணு வயசுல, தனியா, தூக்கத்துலயே போயிட்டா. சேர்த்து வச்ச பேட்டர்ன், அதான் துணி வெட்டறதுக்கான மாதிரித் தாள், எல்லாத்தையும் எங்க தையல் சங்கத்துக்குன்னு எழுதி வச்சிருந்தா. போய்ப் பார்த்தா தலை சுத்துது. சாப்பாட்டு அறை முழுக்க ஷூ டப்பா, மாவு டின், சூட்கேஸ். போர்வைக்கு வெட்டின அட்டை வெட்டுகள், நட்சத்திர டிசைனுக்குத் தனி, கூடை டிசைனுக்குத் தனின்னு நூல்ல கோத்து ஆணியில தொங்குது. செய்தித்தாள்ல இருந்து கத்தரிச்ச படங்கள் அடுக்கு அடுக்கா. உடுப்புக்கான மெல்லிசுத் தாள் பேட்டர்ன்கள், உறையோட, எத்தனை நூறோ. இதையெல்லாம் பிரிச்சு அடுக்கி, வசந்த காலத்துல சர்ச்சுல விக்கணும்.

எல்லாருக்கும் திடீர்னு மூட்டு வலி வந்துடுச்சு. எனக்கும்தான். லவோன் மட்டும் கையைத் தூக்கினா.

"நான் பண்றேன். வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணப் போறேன்?"

ஜனவரியில ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு வழக்கம்போல போனா. பனி லேசா ஆரம்பிச்சிருந்துச்சு. அட்டை வெட்டெல்லாம் முன்னாடியே முடிச்சாச்சு. அன்னைக்கு மேஜைக்கு அடியில இருந்த பெரிய மரப்பெட்டியை இழுத்தா. உள்ளே எல்லாம் பொண்ணு உடுப்பு பேட்டர்ன். வருஷத்துக்கு ஒண்ணு. முதல்ல குட்டிக் கவுன். அப்புறம் பள்ளிக்கூட உடுப்பு. அப்புறம் இடுப்பு வச்ச பாவாடை, நீளக் கை, அகலக் கை… உறையில இருந்த படங்கள்ல பொண்ணுங்களோட தலைமுடி ஸ்டைல் மாறிக்கிட்டே போச்சு. கடைசியில இருந்தது வயசானவங்க போடற தொளதொள அங்கி. போன வருஷத்துது.

'மகளுக்கு எவ்வளவு ஆசையாத் தைச்சிருக்கா!'ன்னு லவோன் நினைச்சா. வயித்துல ஒரு சின்ன எரிச்சல். பொறாமைதான், வேற என்ன?

ஒரு தாளைப் பிரிச்சுப் பார்த்தா. இடது தோள்ல கொஞ்சம் மடிச்சு ரெண்டு குண்டூசி குத்தியிருந்துச்சு. அடுத்ததுலயும் அப்படியே. அதுக்கு அடுத்ததுலயும். எல்லாத்துலயும் இடது தோள்தான், ரெண்டு குண்டூசிதான்.

இங்கதான் அவ அந்தத் தப்பைப் பண்ணினா. போர்வை தைக்கிற எங்களுக்குக் கையில ஊறின பழக்கம் ஒண்ணு உண்டு. குண்டூசியோட எதையும் உள்ளே எடுத்து வைக்க மாட்டோம். துருப் பிடிக்கும், கறையாகும். நானா இருந்தாலும் அதையேதான் பண்ணியிருப்பேன். ஆனா உடுப்பு தைக்கிறவங்க வேற ரகம். அவங்க ஒரு மடிப்பை வச்சு ஊசி குத்தினா, அது ஒரு உடம்போட அளவு. அதைத் தொடக் கூடாது.

லவோன் தொட்டா. நாலு வயசு கவுன்ல இருந்து ஊசியை உருவி, டின் மூடியில போட்டா.

டிங்… டிங்…

மாடியில ஏதோ ஓடிச்சு. தடதடதடன்னு. சின்னக் காலு. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு.

'பூனை'ன்னு நினைச்சுக்கிட்டா. அடுத்த உறையை எடுத்தா. அப்புறம்தான் உறைச்சுது. அல்வீனாவோட பூனையை நான் என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து மாசக் கணக்காச்சு.

சரி, பழைய வீடு, குளிர்ல மரம் சத்தம் போடும்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டு வேலையைத் தொடர்ந்தா. ஜன்னல்ல பனி அடர்த்தியா விழ ஆரம்பிச்சுது. எதிர் வீடு மறைஞ்சுபோச்சு. எட்டு வயசு உடுப்பு. ஊசியை உருவினா.

டிங்… டிங்…

இப்ப ஓட்டம் இல்லை. நடை. ஷூ போட்ட பள்ளிக்கூடப் பிள்ளையோட நடை.

பதினாறு வயசு உடுப்பு.

டிங்…

டொக்… டொக்… டொக்… குதிகால் செருப்பு.

லவோனோட கை நின்னுபோச்சு. ஆனா பாருங்க, அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பயந்தா வேலையை வேகமா பண்ணுவா. அடுத்தது, அடுத்தது, அடுத்ததுன்னு உருவிக்கிட்டே போனா. மேலே நடை மெதுவாச்சு. கனமாச்சு. ஒரு காலை லேசா இழுத்து வைக்கிற நடை ஆச்சு.

கடைசி அங்கி. கடைசி ஊசி.

டிங்…

மாடிப்படி முனகிச்சு.

ஒவ்வொரு படியா… இறங்கி… வந்துச்சு.

"அதை எடுக்காதீங்க."

அறை வாசல்ல ஒரு பொம்பளை. ஐம்பது, அறுபது வயசு இருக்கும். நீலப் பூப்போட்ட அங்கி. சாதாரண முகம். ஒரு கையால இடது தோளைப் பிடிச்சிருந்தா, வலிக்கிற மாதிரி.

லவோனுக்கு உயிரே திரும்பி வந்துச்சு. பேயில்லை, மனுஷி!

"அட, பயமுறுத்திட்டியேம்மா! நீ அல்வீனா மகளா? மேலேயா இருந்தே? சொல்லியிருக்கலாம்ல?"

"மார்லிஸ்"ன்னா அவ. "அந்த ஊசி… திரும்பக் குத்திடுங்க. அது என் தோள்."

"அய்யோ, துருப் பிடிச்சுடுமேன்னு எடுத்தேன். மன்னிச்சுக்கோம்மா. உக்காரு, உக்காரு. காபி ஊத்தட்டா?"

"வேண்டாங்க."

மார்லிஸ் உக்காரலை. லவோன் ஒண்ணொண்ணா மடிச்சுக் குத்த ஆரம்பிச்சா. 'இன்னும் கொஞ்சம் கீழே'ன்னு மார்லிஸ் பக்கத்துல நின்னு சொல்லுவா. ஊசி ஏற ஏற, தோளைப் பிடிச்சிருந்த கை தளர்ந்துச்சு. லவோனுக்குப் பேச்சு வந்துடுச்சு. பாவம், எத்தனை நாளா பூட்டி வச்ச வாய்! பண்ணை, ஹார்லன், அவனோட குறட்டை, எல்லாத்தையும் சொன்னா. அந்தப் பொம்பளை நல்லாக் கேட்டா. தலையாட்டினா. ஒரு மத்தியானம் முழுக்கத் தன்னோட இன்னொரு ஆள் இருந்தது சொர்க்கம் மாதிரி இருந்துச்சுன்னு பின்னாடி லவோன் என்கிட்ட சொன்னா.

"பிள்ளைங்க?"ன்னு கேட்டா மார்லிஸ்.

"ஒரே பையன். ராய்."

"இப்ப என்ன சைஸ் அவனுக்கு?"

லவோன் ஊசியைக் கீழே வச்சா. "அவன் இல்லைம்மா. ரெண்டு வயசு முடியறதுக்குள்ள போயிட்டான்."

"ம்… அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா? அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம் நீங்க அவனுக்கு வெட்டவே இல்லையா?"

லவோனுக்குப் புரியலை.

"அம்மா எனக்கு வருஷா வருஷம் வெட்டினா."

மார்லிஸ் லவோனை ரொம்ப நேரம் பார்த்தா. கோபம் இல்லை. இரக்கம்.

"அப்போ… இன்னும் அந்தச் சட்டையிலேயேவா இருக்கான் அவன்?"

அடுக்களையில போன் அடிச்சுது.

அடிச்சது நான்தான். மணி மூணே கால். பனி மோசமாகுது, அவளைக் கூட்டிட்டு வரலாம்னு அடிச்சேன். லவோன் எடுத்தா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

"இல்லைடீ, தனியா இல்லை. அல்வீனா மக வந்திருக்கா. பேசிக்கிட்டிருக்கோம்."

"எந்த மக?"

"மார்லிஸ்."

போனைக் காதோட அழுத்திக்கிட்டேன். அப்பதான் கேட்டேன். என் காதால கேட்டேன். லவோனுக்குப் பின்னாடி, தூரத்துல, ஒரு பொம்பளைக் குரல்…

"இன்னும் ரெண்டு ஊசிதாங்க."

"லவோன், அங்கேயே நில்லு. திரும்பிப் பார்க்காதே. வர்றேன்."

மூணு தெருதான். காரை எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள எனக்கு ஆயுசு பாதி குறைஞ்சுபோச்சு. லவோன் போனைக் கையில பிடிச்சபடியே நின்னா. சாப்பாட்டு அறையில யாரும் இல்லை. கடைசி ரெண்டு ஊசி பாக்கி இருந்துச்சுன்னா அவ. நான் பார்த்தப்ப எல்லாத்துலயும் ஊசி இருந்துச்சு. டின் மூடி காலி.

மாடிக்கும் போனோம். நான் முன்னாடி, அவ என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி. சாமானெல்லாம் முன்னாடியே ஏலத்துல போயிடுச்சு. வெறும் தரை. தரை பூரா தூசி. ஒரு காலடி இல்லை.

என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, சூடா சூப் குடுத்துட்டுத்தான் சொன்னேன். மார்லிஸ் என் வயசுக்காரி. ஞாயிற்றுக்கிழமை வகுப்புல என் பக்கத்துல உக்காந்தவ. வண்டியில இருந்து விழுந்து தோள் எலும்பு உடைஞ்சு, இடது தோள் இறங்கியே இருக்கும். நாலு வயசு முடிஞ்ச குளிர்காலத்துல நிமோனியாவுல போயிட்டா. அல்வீனாவுக்கு வேற பிள்ளை இல்லை. அவ முன்னாடி அந்தப் பேரை எடுக்கக் கூடாதுன்னு ஊரே வாயைக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. அதனாலதான் வெளியூர்ல இருந்து வந்த லவோனுக்குத் தெரியலை.

இதைக் கேட்டா அவ மயக்கம் போடுவா, கத்துவான்னு எதிர்பார்த்தேன். இல்லை. சூப்பையே பார்த்துக்கிட்டிருந்தா.

"அப்ப அவ வளர்ந்துட்டா"ன்னா.

"லவோன்!"

"நாற்பது வருஷம்டீ… நாற்பது வருஷமா அவன் அந்தச் சின்னச் சட்டையிலயே…"

அன்னைக்குத்தான் அவ அழுது நான் பார்த்தேன். என் தோள்ல சாய்ஞ்சு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதா.

அதுக்கப்புறம் அவ வியாழக்கிழமை வரலை. போன் பண்ணினா, 'கை வேலையா இருக்கேன்டீ, அப்புறம் பேசறேன்'னு வச்சிடுவா. மே மாசம், பட்டப்பகல்ல, நல்ல வெயில்ல, கேக் சுட்டு எடுத்துக்கிட்டு நானே போனேன்.

கதவைத் திறந்தவளைப் பார்த்து அசந்துட்டேன். பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்தா. கன்னம் சிவந்து, தலை வாரி, வாய் நிறையச் சிரிப்பு. அடுக்களை மேஜை பூரா பையன் உடுப்பு பேட்டர்ன். ரெண்டு வயசு, மூணு, நாலு, அஞ்சு. வெட்டி, தைச்சு, மடிச்சு அடுக்கி வச்சிருந்தா.

"மாசத்துக்கு ஒரு வயசுன்னு வெட்டறேன். நிறைய பாக்கி இருக்கு பாரு."

"லவோன், இது நல்லா இல்லைடீ. வா, நாம பாதிரியாரைப் போய்ப் பார்ப்போம்."

"போடி பயந்தாங்கொள்ளி. நல்ல நேரத்துல வந்தே. தனியா அளவெடுக்க முடியலை, நெளியறான். இந்த முனையைப் பிடி."

இன்ச் டேப்போட ஒரு முனையை என் கையில திணிச்சா. மறு முனையைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில முட்டி போட்டா. டேப்பை அந்தப் பக்கமாச் சுத்தி என்கிட்ட கொண்டு வந்தா.

நடுவுல ஒண்ணும் இல்லை. வெயில் மட்டும்தான்.

டேப் தொய்யலை.

வட்டமா நின்னுச்சு. என் விரல்ல இழுத்துச்சு… விட்டுச்சு… இழுத்துச்சு… விட்டுச்சு. மூச்சு விடற மாதிரி.

"மார்பு இருபத்து நாலரை"ன்னா லவோன். "போன தடவைக்கு முக்கால் இன்ச் கூட! பார்த்தியாடீ, என்னமா வளர்றான்!"

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்த முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

"நீயும் பார்த்துட்டேல்ல அவனை? இப்ப நாம ரெண்டு பேர் ஆயிட்டோம். எழுதிக்கோ, மறந்துடப் போறேன்."

மேஜையில பென்சில் இருந்துச்சு. எடுத்து எழுதினேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?